ஏறத்தாழ நூற்றெழுபது ஹெர்ட்ஸ்

நீடாமங்கலத்தில் கேட் போட்டிருக்கும்போது
ஒலிப்பதிவு கூடாது.
முதல் நாளே தெரிந்துகொண்டேன்.
மன்னார்குடி பஸ்ஸின் ஹாரன்
எந்த உயிரெழுத்தையும் விழுங்கிவிடும்.

செவிலியர் குடியிருப்பில் பின்னறை.
ஃபேனை நிறுத்தினோம். ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினோம்.
ஜன்னலுக்கு இரண்டு ஜமுக்காளம்.
அதையும் மீறி எங்கோ ஓர் அறுவடை இயந்திரம்
திரையின் அடியில் சாம்பல் கோடாக
ஓடிக்கொண்டே இருந்தது.

மேக்டலின் பிறந்தது கார் நிக்கோபாரில்.
கல்யாணமாகி இங்கே பதினோரு வருஷம்.
ஊசி போடும்போது சொல்கிற
"ஒண்ணும் இல்லப்பா, ஆச்சு"வில்
தஞ்சாவூர் ஜில்லா முழுக்க இருக்கும்.
அறுபது சொற்களின் பட்டியலை நீட்டினேன்,
ஒவ்வொன்றும் மூன்று முறை.
கழுத்து வியர்வையைத் துடைத்தபடி வாசித்தார்.

எனக்கு வேண்டியவை இரண்டு உயிர்கள்.
ஒன்று உதடு குவியாத உகரம்.
'ஆறு' என்று முடிக்கையில்
அரை மாத்திரைக்கு நம் வாயில் தலைகாட்டிப் போகிறதே,
அதற்குச் சொந்தம்.
அங்கே அது தனிக்குடித்தனம்.
மற்றது, அதிலிருந்து வாயைக் கொஞ்சம் திறந்தால் வருவது.
நம்மிடம் அதற்கு எழுத்தில்லை.

இரவு ரயிலில் மடிக்கணினியைத் திறந்தேன்.
புள்ளிகள் எல்லாம் ஒரே இடத்தில்,
ஒரு முடியில் கட்டின நாற்றாக.
மறுநாள், கொஞ்சம் பிரித்துச் சொல்லுங்களேன் என்றேன்.
"பிரிச்சுத்தானே சொல்றேன்."

முப்பத்தெட்டாவது சொல்லில் ஃபோன் அடித்தது.
தங்கை.
பதிவை நிறுத்த மறந்துவிட்டேன்.
மறந்தேன் என்றுதான் சொல்லிக்கொள்கிறேன்.
ஏதோ சண்டை. பணமோ, தென்னையோ.
எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை.
திரையில் மட்டும்
முதல் ஃபார்மன்ட் ஏறியது, இறங்கியது, ஏறியது.
இந்த உயிர் இங்கே, அந்த உயிர் அங்கே,
நடுவில் வரப்பு.
கண்ணாலேயே அளந்தேன்.

ஃபோனை வைத்தவர் சிவப்பு விளக்கைப் பார்த்தார்.
"அதை அழிச்சிடுங்க."
"இதுலதான் உங்க..."
"அது அவகிட்ட பேசினது."

அழித்தேன், அவர் பார்க்க,
குப்பைத்தொட்டியிலிருந்தும்.
முப்பத்தொன்பதிலிருந்து தொடர்ந்தார்,
பட்டியலுக்கென்று வைத்திருந்த குரலில்.

கட்டுரையை இந்த பஸ்ஸில் உட்கார்ந்து திருத்துகிறேன்.
கேட் போட்டிருக்கிறது.
'இப்பேச்சாளரிடம் இவ்விரு உயிர்களும்
ஒன்றாகிவிட்டன.'
தரவு அப்படித்தான் சொல்கிறது.
வாக்கியத்தின் தலையில் அடிக்குறிப்பு எண் ஒன்று
போட்டு வைத்திருக்கிறேன்.
கீழே
இன்னும் எதுவும் எழுதவில்லை.