இரண்டு நிமிடக் கதவு

பகலில் நான் டிராம் ஓட்டுகிறேன்.
லியபாயாவில் ஒரே தடம்தான்,
இரும்பாலையில் ஏறினால் கல்லறைத் தோட்டம் வரை.
பொத்தானை அழுத்தினால் கதவு திறக்கும்,
மணி அடித்தால் மூடும்.
யார் எங்கே இறங்குகிறார்கள் என்பது
என் கவலை இல்லை.

இந்த நான்கு இரவுகளுக்கு வேறு கதவு.
நான்கு நாட்டு ஐஸ் ஹாக்கிப் போட்டி.
விருந்தாளி அணியின் தண்டனைக் கூண்டுக்கு
நான்தான் தாழ்ப்பாள்.
சம்பளம் கிடையாது. ஒரு மேல்கோட்டு,
தினம் ஒரு சூப் கூப்பன்,
'கைதட்டக் கூடாது' என்று அச்சடித்த ஒரு தாள்.

மட்டையால் வெட்டியவன், காலை வாரியவன்,
முழங்கையை உயர்த்தியவன்
எல்லாரும் இங்கேதான் வந்து உட்காருவார்கள்,
மழையில் ஓடி நின்ற குதிரைகள் போல
உடம்பெல்லாம் ஆவி பறக்க.
நார்வேக்காரர்கள் பேசாமல் துப்புவார்கள்.
ஹங்கேரிக்காரர்களின் வசவு நீளம்,
இரண்டு நிமிடத்துக்குள் முடியாது,
மிச்சத்தைப் பனிமேல் போய்ச் சொல்லிக்கொள்வார்கள்.
முந்தாநாள் ஒரு சின்னப் பையன்
கடிகாரத்தைப் பார்த்தபடி அழுதான்.
நான் பார்க்கவில்லை.
பார்க்காமல் இருப்பதும் வேலையில் சேர்த்திதான்,
தாளில் எழுத மறந்திருப்பார்கள்.

கடைசி இரவு எங்கள் லாத்வியாவும் ஸ்லோவேனியாவும்.
இரண்டுக்கு இரண்டு.
ஆட்டம் முடிய மூன்று நிமிடம் இருக்கையில்
பதினேழாம் எண் வந்தான்.
முதுகில் ஓட்டோனிச்சார் என்று பெயர்,
தோளுக்குத் தோள் இடம் போதாமல்
எழுத்துகள் வளைந்திருந்தன.
உட்கார்ந்ததும் கையுறையைக் கழற்றி
என் உள்ளங்கையில் ஒன்றை வைத்தான்.

பல்.
முன்பல், வேரோடு, இன்னும் சூடாக.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள்.
எங்களுக்குள் சொல் முதலிலிருந்தே இல்லை.
சூப் கூப்பனில் சுற்றி
கோட்டின் உள்பையில் போட்டுக்கொண்டேன்.

ஒன்று நாற்பது. ஒன்று பத்து.
அவனுடைய ஆட்கள் நான்கு பேராய் நின்று தடுத்தார்கள்.
ஒருவன் வட்டுக்குக் குறுக்கே படுத்தான்,
எழுந்தான், மறுபடி படுத்தான்.
இவன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்,
என்னிடம் இருந்த ஒன்றைத் தவிர
மற்ற எல்லாவற்றையும்.

தண்டனை தீர முப்பத்தெட்டு நொடி.
எங்கள் பையன், மீன் கிடங்குத் தெருப் பையன்,
பள்ளிக்கூட நாளெல்லாம் என் டிராமில்
டிக்கெட் இல்லாமல் வந்தவன்,
வட்டை வலைக்குள் அறைந்தான்.

அரங்கம் எழுந்தது. தகரக் கூரை அதிர்ந்தது.
யாரோ எறிந்த தொப்பி என் கண்ணாடித் தடுப்பில் பட்டு விழுந்தது.

விதி இதுதான்:
ஆள் குறைந்து நிற்கும்போது கோல் விழுந்தால்
கூண்டில் இருப்பவனுக்கு அப்போதே விடுதலை.
மீதி நொடிகள் தள்ளுபடி.
நான் கதவைத் திறந்தேன்.
அவன் எழவில்லை.
நடுவர் கையசைத்தார், விசில் ஊதினார்.
என் இரண்டு கைகளும் தாழ்ப்பாளில் இருந்தன,
நல்லவேளை.
வாயில் வந்ததோ பதினோரு வருடப் பழக்கம்:
"படியைப் பார்த்து இறங்கவும்."
என்ன புரிந்ததோ,
இறங்கினான்.

காலை ஆறு பத்து.
சந்தைக்கு முன்னால் சிவப்பு விளக்கில்
அவர்களுடைய பேருந்து
என் டிராமை ஒட்டி வந்து நின்றது.
கண்ணாடியெல்லாம் மூச்சுப் படலம்.
ஒரு ஜன்னலில் மட்டும் கையளவு துடைத்த இடம்,
அதில் சாய்ந்து தூங்கும் ஒரு தலை,
உதட்டில் கறுப்புத் தையல்.
மணியை அடித்தேன். மறுபடி அடித்தேன்.
பின்னால் இருந்த மூன்று பயணிகளும்
தண்டவாளத்தில் நாயா என்று எட்டிப் பார்த்தார்கள்.

பச்சை விழுந்தது.
பேருந்து நேரே போனது. என் தடம்
இடப்பக்கம் திரும்புகிறது.

கூப்பனில் தேதி பார்த்தேன்.
ஞாயிறு வரை செல்லும்,
பிரித்தால்.