எந்தத் தேதியில் கிழிந்தது

களியக்காவிளை ஆசுபத்திரியில் ஆவணப் பிரிவு இரண்டாம் மாடி.
மீன்சந்தை வாடை ஒன்பதரை வரைக்கும் இருக்கும்,
பிறகு போய்விடும் அல்லது
நமக்குப் பழகிவிடும்.

இன்றைய கோப்பு ஞானதாஸ்,
வயது நாற்பத்தொன்பது, சுமட்டுத் தொழிலாளி.
டாக்டர் பினு முதல் பக்கத்தில் எழுதுகிறார்:
வலது தோள், தசைநாண் கிழிவு.
மூன்றாம் பக்கத்தில் இடது தோள்.
ஸ்கேன் மட்டும் மாறாமல் வலது என்கிறது;
அதற்கு ஓ.பி. நெரிசல் கிடையாது.

அது எளிது.
ஒரு போன், ஒரு திருத்தம், ஓரத்தில் கையொப்பம்.

அடுத்ததுதான்.
தேய்ந்து கிழிந்தால் எம் எழுபத்தைந்து புள்ளி ஒன்று.
அடிபட்டுக் கிழிந்தால் எஸ் நாற்பத்தாறு புள்ளி பூஜ்யம்.
முன்னது நோய், பின்னது காயம்.
அவர் கட்டியிருப்பதோ விபத்துக் காப்பீடு.
எம் என்று நான் தட்டினால்
சல்லிக்காசு வராது.

டாக்டரிடம் கேட்கலாம்.
ஆனால் கேள்வியிலேயே விடையை ஊட்டக் கூடாது.
'விழுந்தாரா' என்று கேட்டால் தப்பு,
'காரணத்தைத் தெளிவுபடுத்தவும்' என்றால் சரி.
எழுதாதது நடக்காதது
என்று பயிற்சியில் முதல்நாளே சொல்லிவிட்டார்கள்.

ஞானதாஸ் மேலேறி வந்திருக்கிறார்.
வலதுகையை இடதுகையால் தூக்கி
மேசைமேல் வைத்துவிட்டுக்
கையெழுத்துப் போடுகிறார்.

"எந்த நாளுன்னு கேட்டா எப்பிடி பிள்ளே சொல்லுவேன்?
விழிஞ்ஞத்துப் பெட்டி அம்பது கிலோ,
ஐஸு உருகி கழுத்துவழி எறங்கும்,
இருவத்திமூணு வருசம்.
ஒருநாளு காலத்த சட்டை இடப்போனேன்,
கை பொக்க முடியல்ல.
அண்ணு காலண்டறு ஆரு பாத்தா?"

நான் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லவும் கூடாது.
மின்விசிறி சுற்றுகிறது, கீழே
பாறசாலைப் பேருந்து ஒன்று
திரும்ப இடமில்லாமல் ஹாரனடிக்கிறது.

"ஒருக்க பெட்டி சரிஞ்சுது, பிடிக்கப் போனேன்.
சீலை கீறுன மாதிரி சத்தம் கேட்டுது.
அதுக்குப் பொறவும் பதினோரு பெட்டி சுமந்தேனே,
அதனால அதை
அடிபட்ட கணக்குல கூட்டல்ல."

அன்று காட்டிய சீட்டு உண்டா?
உண்டு. பர்சிலிருந்து எடுக்கிறார்,
எட்டாக மடித்தது.
முத்திரையில் பதினான்கு தெரிகிறது;
மாதத்தின்மேல் ஐஸ்தண்ணீர் இறங்கி
ஊதாப் பூவாக விரிந்திருக்கிறது.
படிவத்தில் தேதிக்கு எட்டுக் கட்டம்,
இரண்டு நிரம்பிவிட்டது.

மிச்சம் பழைய ஓ.பி. பதிவேட்டில் இருக்கும்.
அலமாரியின் மேல்தட்டு.
நான் குதிகாலை உயர்த்துகிறேன், விரல் எட்டவில்லை.

"மாறு பிள்ளே, நான் எடுக்கியேன்"
பழக்கத்தில் முன்னே வருகிறார்.
வலதுகை பக்கவாட்டில் எழும்புகிறது,
அறுபது டிகிரி இருக்கலாம்,
நிற்கிறது.
தன் கையை அவர்
வேறொருவர் கையைப்போலப் பார்க்கிறார்.

நான் பார்த்தது
ஆவணம் ஆகாது.
நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறுகிறேன்.