ஏழா, எட்டா

ஹைமா சுகாதார மையத்தில் எனக்கு இரண்டு வேலை.
சம்பளம் ஒன்றுக்குத்தான்: தரை துடைப்பது.
தமிழாட்கள் யாராவது வந்தால்
கையுறையைக் கழற்றிவிட்டு டாக்டர் அறைக்குள் போவேன்.
ஒன்பது வருஷமாய் ஈரத் தரையில் பொறுக்கிய அரபி,
லாரி டிரைவர்களின் முதுகுவலிக்குப் போதும்.

முந்தாநாள் வந்தவள் பெயர் அமலோற்பவம்.
கவுண்டரில் இருந்தவனுக்கு வாயில் நுழையவில்லை.
அமல் என்று எழுதினான்.
அரபியில் ஓர் எழுத்தில் தொடங்கினால் அது நம்பிக்கை,
இன்னோர் எழுத்தில் தொடங்கினால் வேலை.
அவன் எழுதியது வேலை.

"அக்கா, கலைக்கணும்."

தூக்கம் கலையும். வாரிய தலை கலையும்.
கல்யாண வீட்டுக் கூட்டம் தானாகவே கலையும்.
இந்தச் சொல்லுக்கு எனக்கு அரபி தெரியும்.
சொன்னால் அடுத்து வரும் கேள்வியும் தெரியும்:
புருஷன் எங்கே?
புருஷன் உவரியில்.
இவள் இங்கே வந்து பதினான்கு மாசம்.
யார் என்று நான் கேட்கவில்லை.
வெளியே அந்த வீட்டு வண்டி
அணைக்காமல் உறுமிக்கொண்டிருந்தது.

"என்னவாம்?" என்றாள் சூடான்கார டாக்டர்.
"வயிற்று வலி," என்றேன்.
"வெள்ளிக்கிழமை கெட்டுப்போன மீன் தின்றிருக்கிறாள்."
மீனாம். இந்த மணல்காட்டில்.

டாக்டர் அவள் அடிவயிற்றில் கை வைத்தாள்.
வைத்த கையைக் கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.
அந்தக் கைக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும்.
சீட்டில் நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை எழுதினாள்.
காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து
எட்டு இலக்கம் எழுதி
மேசைக்கு எதிர்ப்பக்கமிருந்து என்னிடம் நீட்டினாள்.
"மஸ்கட்," என்றாள். அவ்வளவுதான்.

மஸ்கட் ஐந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்.
பஸ் இருக்கிறது. பாஸ்போர்ட் மேடத்தின் பீரோவில்.
போன் கைக்கு வருவது ராத்திரி பத்துக்கு மேல், அரைமணி நேரம்.
"தாள் வேண்டாங்கா, பையெல்லாம் துழாவுவாங்க.
நீங்க மனப்பாடம் பண்ணிக்கோங்க, நான் கூப்பிடுறேன்."
அவள் போனதும் எனக்கும் பயம்.
தாளைக் கக்கூஸில் போட்டுத் தண்ணீரை இழுத்துவிட்டேன்.

நேற்று அவள் கூப்பிடவில்லை.
இன்றும் மணி பத்தே முக்கால்.
வாய்க்குள் ஓட்டிப் பார்க்கிறேன்,
ஐந்தாவது இலக்கத்தில் நாக்கு நிற்கிறது.
அரபி ஏழு, நிமிர்த்தி வைத்த கூம்பு.
எட்டு, அதையே கவிழ்த்தது.
ஒரு கையில் துடைப்பம் இருந்தது எனக்கு.
அவள் நீட்டிய தாளை
நான் திருப்பிப் பிடித்தேனா?