ஐந்தாம் இலக்கம்

பதினொரு வருஷம்
எவரார்ட் பல்தசாரின் முதுகைப் பார்த்தபடி
கம்பங்களுக்கு நடுவே நின்றேன்.
முகத்தைக் கேட்டால் யோசிக்க வேண்டும்.
முதுகென்றால் இப்பவே கீறித் தருவேன்:
வலது தோள் ஒரு விரற்கிடை பதிவு,
பிடரியில் தேமல்,
வெள்ளைத் துணியில் பேனையால் எழுதிய ஐந்து.
மழை பெய்தால் அந்த ஐந்து
இடுப்புவரை ஒழுகும்.

பாலையூற்றுப் பறங்கிப் பொடியன்.
மதிலில் குந்தியிருந்த சனம்
‘போர்த்துக்கல்’ என்று கூப்பிடும்.
தோற்ற நாளில் மட்டும்
‘கோயில் இடிச்சவன்ர பேரன்.’
ஒருக்கால் சொன்னான், சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக்கொண்டு:
“நானூறு வருஷமா மச்சான்
அந்த ஒரு ஃபவுலைத்தான் சொல்லுறாங்கள்.”
பிறகு எங்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினான்.
கமிசு. கழுசான். மேசு. சப்பாத்து.
மாற்றுக்காரர் இருந்த வாங்கு.
“எல்லாம் எங்கட பாஷை.
கழட்டித் தாங்கோவன் பாப்பம்.”

பந்து பெட்டிக்குள் வந்தால்
‘ஃபோரா!’ என்று கத்துவான்,
வெளியே அடி என்று, வீட்டுப் பேச்சில்.
மூதூர் மத்தியஸ்தர் காதில்
அது ‘போடா’ என்று விழுந்தது.
மஞ்சள் அட்டை.
விளக்கம் சொல்லப் போய் இன்னொரு மஞ்சள்.

கோல் அடிப்பவனுக்குக் கணக்கு உண்டு.
தடுப்பவனின் கொப்பியில் நடக்காதவை மட்டும்:
கிண்ணியா ஜௌபர் இடது காலால் அடிக்காத அடி,
எழுபத்தெட்டாம் நிமிடத்தில்
நான் பாயாத பாய்ச்சல்.
என்னை நல்ல கோலி என்றார்கள்.
பந்து என்னிடம் வரவேயில்லை, அவ்வளவுதான்.

மாலைதீவில் இரண்டு பருவம், சம்பளத்துக்கு.
பத்திரிகைத் துண்டொன்று அனுப்பினான்.
கோல் போட்டவன் ஆகாயத்தில் கை விரிக்கிறான்.
ஓரத்தில் வெட்டுப்பட்ட அரைத் தோள்,
விரற்கிடை பதிவு.
மூன்றாம் பருவத்துக்கு
முழங்கால் கையெழுத்துப் போடவில்லை.
சீனன்குடா மாவு ஆலையில் மூட்டை எண்ணினான்.
கண்ணிமை வெளுக்க
எங்கள் பயிற்சிக்கு வருவான்.

அந்தப் பின்னேரம்
கிண்ணியாவில் வென்று, கடைசிப் பாதையில் துறை தாண்டி
லொறியில் பாடிக்கொண்டு வந்தோம்.
சாவடி.
எல்லாரும் இறங்கு.
முந்தின கிழமை எங்கேயோ கண்ணிவெடி.
என் அடையாள அட்டை
வீட்டில், வேறு கழுசானுக்குள்.
அவன் முதலில் குதித்தான்.
டோர்ச்சுக்கும் எங்களுக்கும் நடுவே
மூலை உதைக்கு நிற்பதுபோல்
கைகளைச் சற்றே அகட்டி
பாதம் மாற்றி மாற்றி நின்றான்.
தமிழா? இல்லை.
சிங்களமா? இல்லை.
அப்ப நீ யார்?
“நானும் டிஃபென்ஸ்தான், சேர்.”

சிப்பாய் சிரிக்க
மேலதிக நேரம் எடுத்தது.
வெளிச்சம் அந்த ஐந்தைச் சுற்றி வழிந்து
எங்கள் முகங்களைத் தேடியது.
ஏறச் சொன்னான்.
லோகிதனை மட்டும் நிற்கச் சொன்னான்.

மூன்று நாள் கழித்து லோகிதன் வந்தான்.
பிறகு விளையாடவில்லை.
பந்து உருண்டு வந்தால்கூட
ஒதுங்கி வழி விடுவான்.

எவரார்டைக் கேட்டால்
மாலைதீவைச் சொல்ல மாட்டான்.
கோப்பைகளைச் சொல்ல மாட்டான்.
“ஒண்டு விட்டிட்டன் மச்சான்” என்பான்,
நேற்று மட்சு முடிந்ததுபோல.

போன சனி தவறணையில்
என் முழங்கை பட்டுக் கிளாஸ் சரிந்தது.
மேசைக்குக் கீழே அவன் கால் நீண்டது.
பாதத்தில் விழுந்து, உருண்டு, நின்றது.
உடையவில்லை.
முழங்காலைப் பிடித்துக்கொண்டு
நெடுநேரம் தூஷணத்தால் ஏசினான்.
எந்தப் பாஷை என்று
நான் கேட்கவில்லை.