துண்டுச் சீட்டு

காங்கேயத்தில் இரண்டாம் நாள், கால் இறுதி.
ராத்திரி பத்தே கால்.
பாடிக்கொண்டு போன ஏழாம் எண் பனியன்
யாரும் தொடாமலே விழுந்தான்.

மைக் என்னிடம் இருந்தது.
எந்திரிச்சிருவான் என்று மூன்று முறை சொன்னேன்.
நான்காவது முறை
என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

முதல் சீட்டு வந்தது,
கொப்பரைக் களத்துப் பில் புக்கில் கிழித்தது.
செயலாளர் நாச்சிமுத்து அண்ணனின் சாய்ந்த எழுத்து:
"வீரருக்குச் சிறு தசைப்பிடிப்பு. ஆட்டம் தொடரும்."
வாசித்தேன்.
தசைப்பிடிப்புக்கு யாரும்
நெஞ்சில் இரண்டு கையையும் ஊன்றி அமுக்குவதில்லை.
மரக் கேலரி முழுக்க எழுந்து நின்று
அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இரண்டாவது:
"நிலைமை சீராக உள்ளது. வதந்தி வேண்டாம்."
ஆம்புலன்ஸ் அப்போது
கோழித்தீவன லாரிக்குப் பின்னால் சிக்கி
ஊளையிட்டுக்கொண்டிருந்தது.

மூன்றாவதில் அவன் இல்லை.
முதல் பரிசு தரும் எண்ணெய் மில்,
இரண்டாம் பரிசு தரும் பைனான்ஸ்,
பந்தல், லைட்டு, அனைவருக்கும் நன்றி.

அண்ணனின் விரல் நடுங்கியதைப் பார்த்தேன்.
கெட்ட மனுசன் இல்லை.
என்ன ஆச்சென்று
அந்த மேடையில் ஒருவருக்கும் தெரியாது.
தெரியாது என்று எழுத
ஒருவரும் பேனாவை எடுக்கவில்லை.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. புது எண்.
"அண்ணா, நேரலையில உங்க கொரலக் கேட்டுட்டுத்தானுங் இருந்தேன்.
நவநீதனோட அக்காங்.
சீரா இருக்கான்னீங்க. சரிங்.
அரச்சலூர் நால்ரோட்டுல வண்டிய நிறுத்திட்டு நிக்கறேனுங்.
ஈரோடுங்களா, கோயமுத்தூருங்களா?
எந்தப் பக்கம் திருப்பறதுன்னு மட்டும் சொல்லுங்."

மூன்று சீட்டையும் புரட்டிப் பார்த்தேன்.
பின்பக்கம்:
கொப்பரை, நாற்பது மூட்டை, பாக்கி.

மைக்கை அணைக்க மறந்துதான் கேட்டேன்,
அல்லது மறக்கவில்லை:
"அவன எங்கப்பா கொண்டு போறாங்க?"
மைதானத்தின் நாலு மூலைப் புனலும் கேட்டன.
அண்ணன் வாட்சைத் திருகிக்கொண்டிருந்தார்.
தண்ணீர் கேன் தூக்கும் பையன்
கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினான்:
"ஈரோடு! பெரியாஸ்பத்திரி!
டிரைவரு எங்கிட்டதான் வழி கேட்டாரு!"

சொன்னேன்.

மறுமுனையில்
கிக்கரை உதைக்கும் சத்தம்.
பிடிக்கவில்லை.
மறுபடி உதைத்தாள்.