பாதித் தொட்டி

இருநூறு கேலன் தண்ணீர்
முக்கால் டன் என்றான் மெர்ல்,
காதில் சொருகிய பென்சிலோடு.
என் பிக்கப்பை ஒருமுறை பார்த்தான்.
மறுமுறை பார்க்கவில்லை.

டிரெய்லர் என்றால் ஞாயிற்றுக்கிழமை கழற்றிவிடலாம்.
லொரெட்டாவின் சக்கர நாற்காலி பின்னால் ஏறும்,
களைக்கொல்லி வாசம் இல்லாமல்.
வண்டியிலேயே தொட்டி என்றால்
முட்டுச்சந்தில் திருப்புவது சுலபம்.
டொலீடோவில் எனக்குப் பதினேழு புல்வெளிகள்.
பதினொன்று முட்டுச்சந்தில்.

மூன்று இரவு கணக்குப் போட்டேன்
மின்கட்டண உறையின் முதுகில்:
பம்ப், முன்னூறு அடிக் குழாய், கொக்கி,
இன்னும் இரண்டு டயர்.
லொரெட்டா டிவி சத்தத்தைக் குறைத்தாள்.
"எதை வாங்கினாலும் குறை சொல்லத்தான் போகிறாய்.
மலிவானதை வாங்கு."

டிரெய்லர்.

நிறைந்த தொட்டி பேசாது. காலித் தொட்டியும்.
பாதி தீர்ந்ததுதான்
நான் பிரேக் அழுத்திய பிறகு
ஒரு நொடி யோசித்து
முதுகில் கைவைத்துத் தள்ளுகிறது.
முதல் நாளே
நிறுத்தக்கோட்டைத் தாண்டி நின்றேன்,
பள்ளிப் பேருந்து முழுக்க என்னைப் பார்க்க.

சாயங்காலம், கடைசி வீடு.
இடப்பக்கம் ஒடித்தால் அது வலப்பக்கம் போனது.
நாலாவது முறை தபால்பெட்டி
வானம் பார்த்துச் சாய்ந்தது.
திருமதி பிளாஸ்கி வீட்டுச் செருப்போடு வந்தாள்.
தொட்டியின் அடியில் ஒரு வீட்டு மருந்துதான் மிச்சம்;
கழற்றி, இருவருமாய்த் தள்ளித் திருப்பினோம்.
மூச்சு வாங்க வேலியோரம் காட்டினாள்:
"அந்த மஞ்சள் பூக்களை மட்டும் விட்டுவிடு."

அதை ஒழிக்கத்தான் இத்தனையும் வாங்கினேன்.
சரி என்று
குழாயை இழுத்துக்கொண்டு நடந்தேன்.