பனிக்கட்டி, ஒரு நிமிடம்

வியாழன் மாலை ஐந்து மணி,
தடுப்பூசி அறைக்கு மேல்மாடி.
புன்ட்டா அரினாஸின் காற்று
சன்னல் கண்ணாடியைப் பல்லால் கடிக்கிறது.
ஆறு வயிறுகள், இரண்டு கணவர்கள்,
துணியில் தைத்த ஓர் இடுப்பெலும்பு,
அதன் வழியே தலைகீழாய் இறங்கும்
ஒற்றைக்கண் பொம்மை.

எனக்கு இது இரண்டாவது.
முதலாவதில் எதற்கும் பெயர் தெரியாது.
சுருக்கென்றதுமே ஓடினேன்,
திருப்பி அனுப்பினார்கள், மறுபடி ஓடினேன்.
யாரோ என் கையை எடுத்து ஊசி ஏற்றினார்கள்.
எதற்கென்று கேட்கலாம் என்பதே
அப்போது தெரியாது.

மருத்துவச்சி மிர்த்தா
ஆளுக்கொரு பனிக்கட்டி தந்தாள்.
"ஒரு நிமிடம். விடக் கூடாது."
நண்டுப் படகுக்காரன் எலிசேயோ
இருபதாவது நொடியில்
கெட்ட வார்த்தை சொல்லிக் கீழே போட்டான்.
மறுமுறை
மூச்சை நீளமாய் விட்டுக்கொண்டே பிடித்தோம்.
அதே பனிக்கட்டி. அதே நிமிடம்.
குளிர் குறையவில்லை.
அதற்கொரு கரை இருப்பது தெரிந்தது.

பிறகு அந்த இரவு.
மின்கம்பிகள் ஊளையிட
சமையல் மேசையைப் பிடித்துக் குனிந்து நின்றேன்.
டான்கோ கடிகாரம் பார்த்து உரக்க எண்ணினான்;
வாயை மூடச் சொன்னேன்.
மூத்தவன் தட்டில் விட்டுப்போன பட்டாணியை
வலிக்கும் வலிக்கும் நடுவே
ஒவ்வொன்றாய்ப் பொறுக்கித் தின்றேன்.
விடிந்த பிறகுதான் கிளம்பினோம்.
"ஆறு சென்டிமீட்டர்" என்றார்கள்.
போன முறை ஒன்றரை.

பத்து மணிக்கு வலி தளர்ந்தது.
டிரிப் போடலாம் என்றார் டாக்டர்.
"எதற்கு? கொஞ்சம் பொறுத்தால் என்ன?"
என் குரல்தானா அது?
குழந்தையின் இதயம் கிறுக்கிய தாளைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்.
அரை மணி நேரம், என்றார்.

நடந்தேன். குந்தினேன்.
சுவரில் கை ஊன்றி இடுப்பை ஆட்டினேன்.
அரை மணியில் ஒன்றும் நடக்கவில்லை.
டிரிப் வந்தது.
கையை நானே நீட்டினேன்.

கடைசியில் மூச்சுப் பயிற்சியெல்லாம் பறந்தது.
நான் கத்திய கத்தலுக்குத்
துறைமுகத்து நாய்கள் பதில் குரைத்திருக்கும்.
மிலென்கா வந்தாள்,
இரண்டு கண்ணும் திறந்து.

ஆறாவது வாரம், சுகாதார நிலையத்தில் ஒரு படிவம்:
வகுப்பு பிரசவத்துக்கு உதவியதா?
ஆம், இல்லை. இரண்டு சின்னக் கட்டங்கள்.
பால் குடிப்பவளை இடது கைக்கு மாற்றிக்கொண்டு
வெகுநேரம் பேனாவைப் பிடித்திருந்தேன்.
ஆம் என்று குறித்தேன்.
பிற கருத்துகள் என்ற இடத்தில்
ஹீட்டர் போதவில்லை என்று எழுதினேன்.